மண்பாதை ட்ரையத்லான்: முதல் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் இடையில் நிற்காமல் முடிக்க வேண்டும் என்பது எல்லா ட்ரையத்லானுக்கும் பொது. சைக்கிளும் ஓட்டமும் தார்ச்சாலையை விட்டு இறங்கி காட்டுத்தடம், பாறை, வேர், சேறு என்று போனால் அது மண்பாதை ட்ரையத்லான். உலக அளவில் இதற்குப் பெரிய பெயர் எக்ஸ்டெர்ரா. 1996-இல் ஹவாயின் மௌயி தீவில் அக்வாடெர்ரா என்ற பெயரில் நடந்த பந்தயம்தான் பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. அதன் உலகச் சாம்பியன்ஷிப் 2021 வரை மௌயியில்தான் நடந்தது. 2022-இல் வடக்கு இத்தாலியின் மொல்வேனோ ஏரிக்கரைக்குப் போனது. உலக ட்ரையத்லான் அமைப்பும் கிராஸ் ட்ரையத்லான் என்ற பெயரில் 2011 முதல் தனியாக ஒரு சாம்பியன்ஷிப் நடத்திவருகிறது.

முழுத் தூரம் என்றால் ஏறக்குறைய 1.5 கி.மீ. நீச்சல், 30 கி.மீ. மலைச்சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். ஸ்பிரிண்ட் என்பது அதில் பாதி. சாலைப் பந்தயம்போல இங்கே தூரம் கறாராக இருக்காது. மலை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் பாதை. அதனால் பெயர் கொடுக்கும் முன் தூரத்தைவிட மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். 30 கி.மீ.யில் 400 மீட்டர் ஏறும் பாதையை முடித்தவருக்கு, அதே 30 கி.மீ.யில் 1,000 மீட்டர் ஏறும் பாதை வேறொரு பந்தயம். முதல் முறைக்கு ஸ்பிரிண்ட் தூரமும் குறைந்த ஏற்றமும் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கட்-ஆஃப் நேரம் எத்தனை, எந்த இடத்தில் நிறுத்துவார்கள் என்பதையும் அப்போதே படித்துவிடுங்கள்.

அடுத்து, நேரக் கணக்கு. புதியவர் ஒருவருக்கு முழுத் தூரத்தில் நீச்சல் 35 நிமிடம், சைக்கிள் இரண்டு முதல் இரண்டே முக்கால் மணி நேரம், ஓட்டம் ஒரு மணி பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கு மேல் சைக்கிள் மீதுதான். அந்த நேரத்தைத் தீர்மானிப்பது நுரையீரலைவிட அதிகமாக, மண்ணில் வண்டியைக் கையாளும் திறமை. நெட் ஓவரெண்ட் இதற்கு நல்ல சாட்சி. 1990-இல் மலைச்சைக்கிள் உலகச் சாம்பியனான அவர், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு 1998, 1999 இரண்டு ஆண்டும் மௌயியில் ட்ரையத்லான் வீரர்களை வென்றார். உடற்திறனைக் கூட்டும் அதே அக்கறையோடு ஒற்றையடிப் பாதையில் வண்டி ஓட்டவும் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் சொல்லப்போவது.

எந்தச் சைக்கிள் போதும்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். 100 முதல் 120 மி.மீ. அமுங்கும் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் கவை), 29 அங்குலச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னால் ஒரே செயின்ரிங் (பெடலோடு சுழலும் பல்சக்கரம்). இந்த நான்கும் இருந்தால் முதல் இரண்டு மூன்று பந்தயங்களுக்கு வேறெதுவும் வேண்டாம். கம்பியால் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக்கைத் தவிர்ப்பது நல்லது. நீண்ட இறக்கத்தில் விரல் சோர்ந்துபோவதற்கு முக்கியக் காரணம் அதுதான். விரல் சோர்ந்தால் பிடி தளரும், பிடி தளர்ந்தால் விழுவீர்கள். முன்னால் 32 பல், பின்னால் 10–51 பல் கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு) என்றால் பெரும்பாலான ஏற்றங்களை உட்கார்ந்தபடியே ஏறலாம். முட்டி வலி உள்ளவர்கள் முன்னால் 30 பல்லுக்கு இறங்குங்கள்.

இருக்கை உயரத்தைச் சாலை சைக்கிளைவிட ஒரு செ.மீ. அளவு தாழ்த்தி வையுங்கள். ஃபோர்க்கில் காற்று அடிக்கும்போது, நீங்கள் ஏறி நின்றால் அது மொத்தப் பயணத்தில் 20 முதல் 25 விழுக்காடு அமுங்க வேண்டும். 100 மி.மீ. ஃபோர்க்கில் அது 20–25 மி.மீ. ஃபோர்க் தண்டில் உள்ள ரப்பர் வளையத்தைக் கீழே தள்ளிவிட்டு, மெதுவாக ஏறி இறங்கிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும்.

பெடல் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் பழகாதவர் சாதாரணத் தட்டைப் பெடலிலேயே முதல் பந்தயத்தை ஓட்டலாம். டிரெயில் ஷூவை மாட்டிக்கொண்டு சைக்கிள் ஓட்டி, அதே ஷூவோடு ஓடிப் போய்விடலாம். சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறும் இரண்டாவது மாற்றத்தில் ஒரு நிமிடம் மிச்சம். கிளிப் பெடல்தான் வேண்டும் என்றால் இரண்டு போல்ட் கிளீட் (பெடலில் பூட்டும் உலோகத் துண்டு) உள்ள மலைச்சைக்கிள் ஷூ வாங்குங்கள். கிளீட் அடிப்பாகத்துக்குள் அமிழ்ந்திருப்பதால் இறங்கித் தள்ளும்போது வழுக்காது. பெடலின் பிடிப்பு இறுக்கத்தை முழுவதும் தளர்த்தி வைத்துப் பழகுங்கள்.

உலக ட்ரையத்லான் விதியில் டயர் அகலம் குறைந்தது 1.5 அங்குலம் இருக்க வேண்டும். சாலை சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார் கூடாது, ஹேண்டில்பார் முனைகள் அடைத்திருக்க வேண்டும். முனை மூடி இல்லாத வண்டியை நுழைவாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூடிகளைப் பையில் போட்டு வையுங்கள்.

டயரும் காற்றும்

மண்பாதையில் பந்தயத்தை முடிக்க முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் டயர்தான் காரணம். எனவே வேறெங்கும் சிக்கனம் பிடித்தாலும் இங்கே பிடிக்காதீர்கள். டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத டயர்) போடுங்கள். 29 அங்குல டயர் ஒன்றுக்கு ஓட்டையை அடைக்கும் திரவமான சீலண்ட் 90 முதல் 120 மி.லி. வேண்டும். வெயில் ஊர்களில் அது இரண்டு மூன்று மாதத்திலேயே காய்ந்து ரப்பர் தோலாகிவிடும். பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்பு வால்வின் உள்கம்பியைக் கழற்றி, மெல்லிய குச்சி ஒன்றை உள்ளே விட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். குச்சி காய்ந்து வந்தால் புதிதாக 60 மி.லி. ஊற்றுங்கள்.

காற்றழுத்தம்தான் அதிகம் பேர் தவறவிடுவது. சாலைப் பழக்கத்தில் 40 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு, வண்டி கல்லுக்குக் கல் துள்ளுகிறது, வளைவில் வழுக்குகிறது என்பார்கள். 70 கிலோ எடை உள்ளவருக்கு, 2.25 அங்குல டியூப்லெஸ் டயரில் முன்பக்கம் 20–21, பின்பக்கம் 22–24 பி.எஸ்.ஐ. நல்ல தொடக்கம். எடை 10 கிலோ கூடினால் 2 பி.எஸ்.ஐ. கூட்டுங்கள். கூரான பாறை நிறைந்த பாதையில் இன்னும் 1–2 கூட்டலாம், சேற்றில் அதே அளவு குறைக்கலாம். அளவு மிகக் குறைந்தால் வேகமான வளைவில் டயரின் விளிம்பு ரிம்மிலிருந்து ஒரு கணம் விலகி ‘புஸ்’ என்று காற்று வெளியேறும். அந்தச் சத்தம் கேட்டால் 2 பி.எஸ்.ஐ. ஏற்ற வேண்டும் என்று பொருள். டியூப் போட்ட டயராக இருந்தால் 28-க்குக் கீழே போக வேண்டாம். கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பம்புக்குப் பம்பு மீட்டர் மாறும். பயிற்சியில் எந்த மீட்டரை நம்பினீர்களோ அதையே பந்தயத்துக்கும் கொண்டுபோங்கள்.

பந்தயத்தில் வெளியார் உதவி கிடையாது. பழுதை நீங்களே சரிசெய்ய வேண்டும். வண்டியில் இருக்க வேண்டியவை:

– டயர் ஓட்டைக்கான பிளக் நான்கைந்து, குத்தும் ஊசியோடு. கையெட்டும் இடத்தில், ஹேண்டில்பார் முனையிலோ சட்டத்தில் ஒட்டியோ.
– 25 கிராம் கார்பன் டை ஆக்ஸைடு குப்பி இரண்டு, அதன் தலைப்பகுதி ஒன்று. 16 கிராம் குப்பி 29 அங்குல டயரை முழுதாக நிரப்பாது.
– ஒரு டியூப், இரண்டு டயர் லீவர்.
– செயின் கட்டர் உள்ள மல்டி-டூல், உங்கள் வண்டியின் பின் கியர் எண்ணிக்கைக்கு (ஸ்பீடு) ஏற்ற குயிக் லிங்க், அதாவது அறுந்த செயினை இணைக்கும் கண்ணி. 12 ஸ்பீடு செயினில் 11 ஸ்பீடு லிங்க் உட்காராது.
– உங்கள் சட்டத்துக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர்.

கடைசியாகச் சொன்ன ஹேங்கர், செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பின் டெரெய்லரைச் சட்டத்தோடு பிணைக்கும் விரல் நீள அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் விழுந்தால் சட்டத்தைக் காப்பாற்ற இதுதான் முதலில் வளையும். ஒவ்வொரு மாடலுக்கும் வடிவம் வேறு என்பதால் பந்தய ஊரில் தேடினால் கிடைக்காது. விழுந்து எழுந்ததும் பின்னாலிருந்து பாருங்கள். டெரெய்லர் உள்பக்கம் சாய்ந்திருந்தால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்குப் போகவே போகாதீர்கள். போனால் டெரெய்லர் ஆரக்கம்பியில் சிக்கி, கூண்டு பிய்ந்து, சில நேரம் சட்டமே உடைந்துவிடும். இரண்டு மூன்று கியரை விட்டுக்கொடுத்துவிட்டு மீதியை வைத்து முடித்துவிடலாம்.

ஒற்றையடிப் பாதையில் ஓட்டுவது

முதலில் மைதானத்தில் பழகுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், பதினைந்து நிமிடம் போதும். நடைவேகத்துக்கும் குறைவாக நேர்கோட்டில் ஓட்டுவது, தண்ணீர் பாட்டில்களை 3 மீட்டர் இடைவெளியில் வைத்து வளைந்து வளைந்து போவது, பாட்டில்களை 2 மீட்டருக்கு நெருக்குவது, 10 செ.மீ. உயரக் கட்டையின் மேல் முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து ஏறுவது. மெதுவாக ஓட்டத் தெரிந்தவர்தான் வேகமாகவும் பாதுகாப்பாக ஓட்டுவார்.

இறக்கத்தில் உடல் நிலை இப்படி: பெடல் இரண்டும் தரைக்கு இணையாக, இருக்கையை விட்டு எழுந்து, முட்டியும் முழங்கையும் மடங்கி வெளிப்பக்கம் விரிந்து, குதிகால் தாழ்ந்து. எடை கையில் இல்லை, காலில். இருக்கையில் உட்கார்ந்தே இறங்கினால் ஒவ்வொரு மேடும் முதுகெலும்பில் அடிக்கும், வண்டி உங்களைத் தூக்கி எறியும். பிரேக்கில் ஒரே விரல், ஆள்காட்டி விரல். மற்ற மூன்றும் பிடியில்.

வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிட வேண்டும். டயருக்கு உள்ள பிடிமானம் ஓரளவுதான். அதைத் திரும்புவதற்கும் நிற்பதற்கும் ஒரே நேரத்தில் கேட்டால் தளர்ந்த மண்ணில் முன்சக்கரம் சறுக்கிவிடும், தோள்பட்டைதான் முதலில் தரையில் விழும். கண் எங்கே போகிறதோ வண்டியும் அங்கேதான் போகும். கல்லைப் பார்த்தால் கல்லில்தான் இடிப்பீர்கள். 5 முதல் 10 மீட்டர் தள்ளி, போக வேண்டிய இடைவெளியைப் பாருங்கள். கூர்வளைவில் முகத்தைத் திருப்பி வளைவின் வெளிவாசலைப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

செங்குத்து ஏற்றத்தில் இரண்டு தொல்லை. எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சுழன்று வழுக்கும். பின்னால் சாய்ந்தால் முன்சக்கரம் தூக்கும். இருக்கையின் மூக்குப் பகுதிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, முழங்கையை இடுப்புப் பக்கம் இழுத்து, ஒரே சீராக மிதியுங்கள். கியரை ஏற்றத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பாரத்தோடு மாற்றினால் செயின் அறுந்துபோகலாம். நடையைவிட மெதுவாகிவிட்டால் தயங்காமல் இறங்கித் தள்ளுங்கள். விதி அதை அனுமதிக்கிறது, முன்னணி வீரர்களும் செய்கிறார்கள்.

பின்னால் வருபவர் வழி கேட்டால், உடனே புதருக்குள் பாய வேண்டாம். “அகலம் வரட்டும், விடுறேன்” என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அடுத்த அகலமான இடத்தில் ஒதுங்குங்கள். நீங்கள் முந்தும்போது “இடப்பக்கம் வர்றேன்” அல்லது “வலப்பக்கம்” என்று முன்கூட்டியே குரல் கொடுங்கள். வெளிநாட்டில் ‘ஆன் யுவர் லெஃப்ட்’ என்று கேட்டால் அவர் உங்கள் இடப்பக்கம் முந்துகிறார் என்று பொருள்.

தமிழ்நாட்டில் பயிற்சி செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போவது குற்றம், யானைத் தடங்களில் ஆபத்தும்கூட. செம்மண் வண்டிப்பாதை, ஏரிக்கரை, தோட்டத்துக்காரர் அனுமதித்த பாதை இவையே பழகப் போதுமானவை.

நீச்சல்

1.5 கி.மீ. நிற்காமல் நீந்த முடிந்தால் போதும். வேகம் பிறகு வரட்டும். கிணற்றில் நீச்சல் கற்றவர்கள் பயமில்லாமல் நீரில் இறங்குவார்கள், ஆனால் தலையைத் தூக்கியே நீந்தும் பழக்கம் இருக்கும். தலை மேலே போனால் இடுப்பும் காலும் மூழ்கும், 300 மீட்டரில் மூச்சு வாங்கிவிடும். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, உள்ளே இருக்கும்போது முழுவதுமாக மூச்சை விடப் பழகுங்கள். பெரும்பாலோருக்கு மூச்சுத் திணறுவது காற்றை உள்ளே இழுக்க முடியாமல் அல்ல, பழைய காற்றை வெளியே விடாததால்.

திறந்த நீரில் தரையில் கோடு இருக்காது. 6 முதல் 8 கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேல் வரும்படி முன்னால் பார்த்துவிட்டு, பிறகு பக்கவாட்டில் மூச்சு எடுங்கள். மிதவையைத் தேடுவதைவிட அதற்குப் பின்னால் உள்ள உயரமான மரத்தையோ கட்டடத்தையோ குறி வைப்பது எளிது. பயிற்சிக்கு ஏரி, அணைகளில் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். தனியாகவும் வேண்டாம். இடுப்பில் கட்டும் பளிச்சென்ற நிற மிதவை கட்டாயம்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ 28 டிகிரித் தண்ணீரில் பழகியவர் மொல்வேனோ போன்ற மலை ஏரியில் இறங்கினால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தானாகவே வேகமெடுக்கும். குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் உடல் காட்டும் எதிர்வினை அது, தானே அடங்கும். தொடங்கும் முன் முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை அள்ளித் தெளியுங்கள், வெட்சூட்டின் (குளிர்நீருக்கான ரப்பர் உடை) கழுத்தை இழுத்துக் கொஞ்சம் நீரை உள்ளே விடுங்கள், ஐந்து நிமிடம் நீந்திப் பாருங்கள். வெட்சூட் புதிதென்றால் குறைந்தது நான்கு முறையாவது முன்பே போட்டு நீந்தியிருக்க வேண்டும். கழுத்தைச் சுற்றி வாஸ்லின் போல எதையாவது தடவாவிட்டால் உராய்ந்து புண்ணாகும். உலக ட்ரையத்லான் விதிப்படி வயதுப்பிரிவு வீரர்களுக்கு (தொழில்முறை அல்லாதவர்களுக்கு) 1,500 மீட்டர் வரையிலான நீச்சலில் தண்ணீர் 22 டிகிரிக்கு மேல் இருந்தால் வெட்சூட் கூடாது. எக்ஸ்டெர்ராவில் எல்லை வேறாக இருக்கலாம். அந்தந்தப் பந்தயத்தின் கையேட்டைப் பாருங்கள்.

கூட்டத்தின் நடுவில் நிற்காதீர்கள். ஓரத்தில், பின்வரிசையில் நின்று, மற்றவர்கள் கிளம்பிய பத்து நொடி கழித்து இறங்கினால் கை, கால் அடி படாமல் உங்கள் தாளத்துக்கு வந்துவிடலாம். பயம் பிடித்தால் மல்லாந்து படுத்து இருபது மூச்சு விடுங்கள். கயாக்கைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கவும் அனுமதி உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறக் கூடாது, அவ்வளவுதான்.

ஓட்டம்

சைக்கிளிலிருந்து இறங்கிய முதல் ஒரு கி.மீ. தொடை மரத்துப்போன மாதிரி இருக்கும். மண்பாதையில் இது இன்னும் கடுமை, ஏனென்றால் இறக்கம் முழுவதும் தொடைத்தசை மடங்கிய நிலையில் அதிர்ச்சியைத் தாங்கியிருக்கிறது. அடியைச் சுருக்கி, எண்ணிக்கையைக் கூட்டி ஓடுங்கள். கண் 3–4 மீட்டர் முன்னால். வேர்மேல் கால் வைக்காமல் தாண்டிப் போங்கள்; ஈரவேர் சோப்புக்கட்டிதான். கைகளைத் தொடைமேல் ஊன்றி வேகமாக நடந்தால் செங்குத்து ஏற்றத்தில் ஓடுபவருக்குச் சமமாகவே போகலாம், நாடித்துடிப்பும் ஏறாது. ஷூ அடியில் 4 முதல் 5 மி.மீ. பல் உள்ள டிரெயில் ஷூ பொதுவாகப் போதும். சாலை ஷூவில் கடைசி இறக்கத்தில் கணுக்கால் பிசகும்.

பன்னிரண்டு வாரம்

ஒரு மணி நேரம் சைக்கிள் ஓட்டவும் 5 கி.மீ. ஓடவும் ஏற்கெனவே முடிகிறவருக்கு 12 வாரம் போதும். வாரத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் இப்படிப் பிரியும்: செவ்வாய், வெள்ளி நீச்சல் 45 நிமிடம், புதன் மேட்டுச்சாலையில் சைக்கிள், 6 நிமிட ஏற்றம் நான்கு முறை, வியாழன் டிரெயில் ஓட்டம் 45 நிமிடம், சனி மண்ணில் நீண்ட சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம். திங்கள் ஓய்வு. சனிக்கிழமைச் சைக்கிள் ஒன்றரை மணியில் தொடங்கி ஒன்பதாவது வாரத்தில் இரண்டரை மணிக்கு வரட்டும். நான்காவது வாரத்திலிருந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சைக்கிள் முடித்த கையோடு 20 நிமிடம் ஓடுங்கள். மூன்று வாரம் கூட்டி, நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறைப்பது உடம்புக்கு நல்லது.

கடைசிப் பத்து நாள் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள், வேகத்தைக் குறைக்காதீர்கள். இந்த நாட்களில் பயம் வந்து, விட்டதை எல்லாம் பிடிக்க முயல்வது சோர்வை மட்டுமே தரும். மழைநாளில் பயிற்சியை விட்டுவிடாமல் ஈரமண்ணிலும் ஓட்டிப் பாருங்கள், பந்தயம் மழைக்காக நிற்காது. சேற்றில் மென்மையான ஆர்கானிக் பிரேக் பேட் ஒரே நாளில் தேய்ந்துவிடக்கூடும்; மழை என்று தெரிந்தால் உலோகத்தூளால் ஆன சின்டர்ட் பேட் மாட்டுங்கள், புதிதாக மாட்டியதை இருபது முறை பிடித்துப் பிடித்துப் பதப்படுத்துங்கள்.

சாப்பாடு, தண்ணீர்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் பந்தயத்தில் மணிக்கு 40 முதல் 60 கிராம் மாவுச்சத்து, 500 முதல் 750 மி.லி. திரவம் வேண்டும். வீட்டிலேயே கலக்கலாம்: ஒரு லிட்டர் தண்ணீர், 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை. பாட்டிலில் வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, குடிக்க இடம் வேண்டும். கரடுமுரடான பாதையில் ஒரு கையை எடுக்க முடியாது, அதனால் பலர் 40 நிமிடம் குடிக்காமலேயே போய்விட்டுப் பிறகு தசைப்பிடிப்பில் மாட்டுகிறார்கள். பாதையைப் பார்க்கும்போதே குடிக்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஜல்லிச்சாலை, மென்மையான ஏற்றம், திறந்த புல்வெளி. பாதை முழுக்கக் கரடு என்றால் குழாய் உள்ள முதுகுப்பை நல்லது. மேய்ச்சல் நிலம் வழியாகப் போகும் பாதையில் டயர் தெறிக்கும் சாணம் பாட்டிலின் வாயில்தான் விழும். மூடியுள்ள பாட்டில் வாங்குங்கள். பந்தய நாளில் புதிதாக எதையும் சாப்பிடாதீர்கள். காலை உணவை மூன்று மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். உங்களுக்கு இட்லி ஒத்துப்போகும் என்றால் இட்லிதான் சரி.

பயணமும் பாதை பார்ப்பதும்

விமானத்தில் போவதாக இருந்தால் பின் டெரெய்லரை ஹேங்கரிலிருந்து கழற்றி, துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டுங்கள். டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பிரேக் பேட் நடுவே அட்டைத்துண்டு செருகுங்கள். இல்லாவிட்டால் யாராவது லீவரை அழுத்தினாலே பேட் ஒட்டிக்கொள்ளும். கார்பன் டை ஆக்ஸைடு குப்பியை விமான நிறுவனங்கள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை, போன இடத்தில் வாங்குங்கள். கையில் ஒரு சின்னப் பம்பும் இருக்கட்டும்.

பாதையை இரண்டு நாள் முன்பே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது, புதியவர் தனக்குத் தானே செய்துகொள்ளும் மிகப் பெரிய உதவி. முந்தைய நாள் முழுவதும் ஓட்டினால் கால் வலிக்கும். கடினமான இடங்களில் இறங்கி நடந்து பாருங்கள்: எந்தக் கல்லின் எந்தப் பக்கம், எங்கே இறங்கித் தள்ளுவது என்று முடிவுசெய்யுங்கள். திரும்பும் இடங்களில் அடையாள நாடாவின் நிறத்தையும் அம்புக்குறியையும் மனதில் வையுங்கள். பாதை தெரிந்திருப்பது போட்டியாளரின் பொறுப்பு. வழிதவறியவருக்குச் சலுகை கிடையாது.

பந்தய நாள்

ஒரு விளையாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் டிரான்சிஷன் இடத்தில் எல்லாவற்றையும் பயன்படுத்தும் வரிசையில் அடுக்குங்கள். ஹெல்மெட் ஹேண்டில்பார்மேல், பட்டை விரித்தபடி, கண்ணாடி அதனுள். ஹெல்மெட் கொக்கி மாட்டிய பிறகுதான் வண்டியில் கை வைக்கலாம். இதை மீறினால் அபராதம். ஈரக்காலில் காலுறை ஏறாது என்பதால் அதைக் கணுக்கால் வரை சுருட்டி, உள்ளே கொஞ்சம் பவுடர் தூவி வையுங்கள். கையுறையும் அப்படித்தான், அதை நிதானமாக, முதல் ஜல்லிச்சாலையில் மாட்டிக்கொள்ளலாம். வண்டி ஏற்றத்தில் கிளம்பும் என்றால் கியரை முன்பே மிதிக்க லேசானதில் போட்டு வையுங்கள். வண்டியில் ஏறும் கோட்டைத் தாண்டிய பிறகுதான் ஏற வேண்டும், இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். உங்கள் வரிசை எது என்பதை, நீச்சலிலிருந்து வரும் திசையிலேயே நடந்து வந்து பார்த்துக்கொள்ளுங்கள். தலை சுற்றிக்கொண்டு ஓடி வரும்போது ஆயிரம் சைக்கிளும் ஒரே மாதிரி தெரியும்.

முதல் ஏற்றத்தில் கட்டுப்பாடு வேண்டும். நீச்சலில் ஏறிய நாடித்துடிப்போடு ஏற்றத்தில் முழுவேகம் எடுத்தால், மேலே போய்ச் சேரும்போது கையும் கண்ணும் சோர்ந்திருக்கும். உடனே வருவது இறக்கம். பெரிய விழுதல்கள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. முதல் பதினைந்து நிமிடம், முழு வாக்கியம் ஒன்றைத் தடுமாறாமல் பேச முடிகிற அளவில் போங்கள். உச்சி வருவதற்கு ஒரு நிமிடம் முன்பே குறைத்து, இரண்டு வாய் குடித்துவிட்டு, ஒரு முறை நன்றாக மூச்சை விட்டுப் பிறகு இறங்குங்கள்.

விழுந்தால், எழுந்ததும் வண்டியை ஓட்ட வேண்டாம். ஹேண்டில்பார் நேராக இருக்கிறதா, பிரேக் இரண்டும் பிடிக்கின்றனவா, டெரெய்லர் சாயவில்லையா என்று பத்து நொடி பாருங்கள். தலையில் அடிபட்டிருந்தால், ஹெல்மெட் விரிசல் விட்டிருந்தால், பந்தயம் அங்கே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த தன்னார்வலரிடம் சொல்லி உட்காருங்கள். வேறொருவர் விழுந்து கிடந்தால் நிற்க வேண்டும். அது விதியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

முடித்த பிறகு முதல் அரை மணிக்குள் ஏதாவது சாப்பிட்டு, காய்ந்த சட்டை மாற்றுங்கள். சிராய்ப்பில் உள்ள மண்ணை ஓடும் தண்ணீரில் முழுவதும் கழுவி எடுக்க வேண்டும், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். ஐரோப்பியக் காடுகளில் ஓடியிருந்தால் உண்ணி கடித்திருக்கிறதா என்று முட்டிப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாவற்றையும் அன்று இரவே சோதியுங்கள். வண்டியை அன்றே கழுவுங்கள், ஆனால் உயரழுத்தப் பீச்சியைச் சக்கர அச்சு, பெடல் அச்சுப் பக்கம் காட்டாதீர்கள். கிரீஸ் கழுவப்பட்டு பேரிங் துருப்பிடிக்கும். செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விட்டு, டயரின் பக்கச்சுவரில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். நூல் வெளியே தெரியும் கீறல் இருந்தால் அந்த டயரை இனி மாட்ட வேண்டாம்.